லாஸ் அல்கோடோனெஸுக்கு ஒரு நாள் பயணம்: பெற்றோருடன் மெக்சிகோ எல்லையைக் கடக்கலாமா?

பாலைத்தென்றல் (பீனிக்ஸ், அரிசோனா)

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டிலிருந்து என் பெற்றோர் டிசம்பரில் இங்கே வந்தார்கள். வந்த மூன்றாம் வாரமே அப்பாவின் கடைவாய்ப் பல் ஒன்று முறுக்கு கடித்து பாதியாக உடைந்துவிட்டது. அவருக்கு எடுத்த பயணக் காப்பீட்டில் பல் சிகிச்சை சேராது. வேர்ச் சிகிச்சைக்கும் அதன்மேல் பொருத்தும் உறைக்கும் இங்குள்ள மருத்துவமனையில் சொன்ன தொகையைக் கேட்டதும், "இந்தப் பணத்தில் நான் விமானமேறி ஊருக்குப் போய்ப் பல்லைக் கட்டிக்கொண்டு திரும்பியே வந்துவிடுவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அலுவலகத்தில் ஒருவர், யூமா நகரத்துக்கு அருகே எல்லைக்கு அப்பால் இருக்கும் லாஸ் அல்கோடோனெஸுக்குப் போகச் சொல்கிறார். செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பது அவருடைய கணக்கு.

பெற்றோர் இருவரும் பி-2 என்னும் சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார்கள். நானும் கணவரும் எச்-1பி என்னும் வேலை விசாவில் இருக்கிறோம். என் கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை அடுத்த ஆண்டு வரை செல்லும். கணவருடைய முத்திரை சென்ற ஆண்டே காலாவதியாகிவிட்டது, ஆனால் வேலை அனுமதியின் நீட்டிப்பு முறையாகக் கிடைத்திருக்கிறது. நாங்கள் நால்வரும் காலையில் போய் மாலையில் திரும்ப முடியுமா? காரை உள்ளே கொண்டு போகலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அறுபத்தெட்டு வயதுக்காரரை அங்கே அழைத்துச் செல்வது பாதுகாப்பானதுதானா?

கூழாங்கல் (டூசான்)

சகோதரிக்கு வணக்கம். எட்டு ஆண்டுகளாக அல்கோடோனெஸுக்கும், டூசானுக்குத் தெற்கே எல்லையில் உள்ள நோகாலஸுக்கும் போய்வருகிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: போகலாம், ஆனால் காரை அமெரிக்கப் பக்கத்திலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள்.

அந்த ஊரை மனத்தில் வரைந்து கொள்வதற்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். யூமாவைத் தாண்டி எட்டாம் எண் நெடுஞ்சாலையில் கலிபோர்னியாவுக்குள் நுழைந்த சிறிது தூரத்தில், தெற்கே 186 ஆம் எண் சாலை பிரிகிறது. அது ஆண்ட்ரேட் என்னும் எல்லைச் சாவடியில் முடிகிறது. சாவடிக்கு முன்னால் கெச்சான் பழங்குடியினரின் நிலத்தில் பெரிய கட்டண வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிடங்கள் நடந்தால் மெக்சிகோ. எல்லையைத் தாண்டிய முதல் நான்கைந்து தெருக்களுக்குள்ளேயே பல் மருத்துவமனைகளும், மருந்துக் கடைகளும், மூக்குக் கண்ணாடிக் கடைகளும் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 'கடைவாய்ப்பல் நகரம்' என்றே அமெரிக்கர்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வடமாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் யூமாவுக்கு வந்து தங்கும் முதியவர்களை நம்பித்தான் அந்த ஊர் பிழைக்கிறது. அவர்களில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தாலும் மொத்த ஊருக்கும் நட்டம் என்பது அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். நான் அங்கே அஞ்சிய நாள் ஒன்றுகூட இல்லை. சலிப்படைந்த நாட்கள் பல உண்டு, எல்லாம் திரும்பி வரும் வரிசையில் நின்ற நாட்கள்.

அந்த வரிசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை நண்பகலுக்குப் பிறகு எல்லா முதியவர்களும் ஒரே நேரத்தில் திரும்பத் தொடங்குவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேலும் நின்றிருக்கிறேன். அப்பாவுக்கு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துச் செல்லுங்கள். சாவடி காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடப்படும். அது கலிபோர்னியா நேரம். குளிர்காலத்தில் அல்கோடோனெஸ் அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். கோடைக்காக அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நாம் மாற்றுவதில்லை, அப்போது இருவருக்கும் ஒரே நேரம். மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது இதை மறந்து அவதிப்படுபவர்கள் நிறைய.

நாட்குறிப்பு (சிகாகோ)

குடிநுழைவு வழக்குகளைக் கையாளும் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறேன். என் சொல்லைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், உங்கள் வழக்கறிஞரிடம் கேட்பதற்கான கேள்விகளாகக் கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு கதவுகள் இருக்கின்றன: மெக்சிகோவுக்குள் நுழையும் கதவு ஒன்று, அமெரிக்காவுக்குத் திரும்பும் கதவு மற்றொன்று. நம்மவர்கள் இரண்டாவதைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு முதலாவதை மறந்துவிடுகிறார்கள்.

திரும்பும் கதவைப் பொறுத்தவரை, அமெரிக்க விதிகளில் 'தானியங்கி மறு செல்லுபடியாக்கம்' என்றொரு ஏற்பாடு உண்டு. விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலும், செல்லுபடியாகும் ஐ-94 பதிவை (எந்தத் தேதிவரை நாட்டில் தங்கலாம் என்பதைக் காட்டும் நுழைவுப் பதிவு) வைத்திருப்பவர், கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் சென்று 30 நாட்களுக்குள் திரும்பினால், அந்தப் பயணத்தின்போது புதிய விசாவுக்கு விண்ணப்பிக்காமலும் இருந்தால், பழைய முத்திரையைக் கொண்டே அனுமதிக்கப்படலாம். இதை யாரோ ஒருவர் சொல்லக் கேட்டுத்தான் பலரும் துணிந்து கிளம்புகிறார்கள்.

நுழையும் கதவோ வேறு கணக்கில் இயங்குகிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் காலாவதியாகாத அமெரிக்க விசாவோ, அமெரிக்க நிரந்தரக் குடியிருப்பு அட்டையோ (பச்சை அட்டை) இருந்தால் மெக்சிகோ அந்தத் தேவையைத் தளர்த்துகிறது. காலாவதியாகாத என்ற சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்காவின் மறு செல்லுபடியாக்கம் மெக்சிகோவைக் கட்டுப்படுத்தாது. ஆகவே உங்கள் பெற்றோரும் நீங்களும் போகலாம். உங்கள் கணவர் மெக்சிகோ தூதரகத்தில் விசா வாங்காமல் போகக்கூடாது. நடைபாதைச் சாவடியில் சில நாட்களில் ஒருவரும் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை என்பது உண்மையாக இருக்கலாம். கேட்காதது அனுமதியாகிவிடாது.

வேறு சிலவும் சொல்லிவிடுகிறேன். பச்சை அட்டைக்கான நிலை மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள், முன்கூட்டிய பயண அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். எச்-1பி, எல்-1 (நிறுவனத்துக்குள் பணிமாற்ற விசா) நிலையைத் தொடர்ந்து பேணுபவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. பெற்றோர் மெக்சிகோவுக்கு ஒரு நாள் போய்வந்தால் மேலும் ஆறு மாதம் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை நம்மவரிடையே உலவுகிறது. பொதுவாகப் பழைய ஐ-94 இல் உள்ள தேதியே தொடரும். திரும்பி வந்த மறுநாள் எல்லோருடைய ஐ-94 பதிவையும் இணையத்தில் பாருங்கள். புதிய பதிவு போடப்பட்டு, கடவுச்சீட்டு காலாவதியாகும் தேதியே தங்கும் காலத்தின் கடைசித் தேதியாகக் குறிக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் பெரிய சிக்கல் அது.

பாலைத்தென்றல்

மிக்க நன்றி. கணவர் மறு செல்லுபடியாக்கம் பற்றிப் படித்துவிட்டு, நான்கு பேருக்கும் மதிய உணவு எங்கே என்பதுவரை திட்டமிட்டிருந்தார். உங்கள் பதிவைக் காட்டினேன். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் காரிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்" என்றார்.

ஆற்றங்கரை (மெக்காலன், டெக்சாஸ்)

மன்னிக்க வேண்டும், நான் மாறுபடுகிறேன். எல்லையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் வாழ்பவன் என்பதால் சொல்கிறேன். 2023 மார்ச் 3 ஆம் நாள், தென் கரோலினாவிலிருந்து நான்கு அமெரிக்கர்கள் மெக்சிகோவின் மத்தாமோரோஸ் நகருக்குள் காரில் நுழைந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அங்கே அழகு அறுவை சிகிச்சை ஏற்பாடாகியிருந்தது. பட்டப்பகலில் துப்பாக்கிக்காரர்களால் கடத்தப்பட்டார்கள். நான்கு நாட்கள் கழித்துக் கண்டுபிடித்தபோது இருவர் இறந்திருந்தார்கள். வழியில் நின்ற உள்ளூர்ப் பெண் ஒருவரும் குண்டு பாய்ந்து இறந்தார். அவர்களும் மலிவான சிகிச்சைக்காகத்தான் போனார்கள். 'எட்டு ஆண்டுகளாக எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்பது சான்று ஆகாது. அந்த நால்வருக்கும் முந்தைய நாள்வரை ஒன்றும் ஆகவில்லைதான்.

கூழாங்கல்

ஆற்றங்கரை ஐயா சொன்ன நிகழ்வை நான் மறுக்கவில்லை. ஆனால் மத்தாமோரோஸும் அல்கோடோனெஸும் ஒரே எல்லையில் இருக்கின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. இந்த எல்லை ஏறத்தாழ 3,100 கிலோமீட்டர் நீளமுடையது. மத்தாமோரோஸ் அதன் கிழக்குக் கோடியில், தமாவுலிபாஸ் மாநிலத்தில் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை நான்கு படிகளில் பயண எச்சரிக்கை விடுக்கிறது. அந்த மாநிலம் நெடுங்காலமாக நான்காம் படியில், அதாவது 'பயணம் செய்யாதீர்' என்ற நிலையில், இருந்து வருகிறது. அல்கோடோனெஸ் இருக்கும் மெக்சிகோ மாநிலமான பாஹா கலிபோர்னியா அந்தப் படியில் வைக்கப்பட்டதில்லை. அதற்காக அந்த மாநிலம் முழுவதும் அமைதிப் பூங்கா என்று சொல்ல மாட்டேன். அதே மாநிலத்தின் தீஹுவானாவில் நடக்கும் கொலைகளின் எண்ணிக்கை சிறியதன்று. மாநிலத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, பிறகு ஊரைப் பார்த்து, அதற்கும் பிறகு தெருவைப் பார்க்க வேண்டும். நோகாலஸிலேயே நான் எல்லையை ஒட்டிய கடைவீதியில் நடப்பேன். இருப்புப்பாதைக்குக் கிழக்கே உள்ள குடியிருப்புகளுக்குள் கால் வைக்க மாட்டேன். அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்கும் அப்பகுதியைத் தடைசெய்திருக்கிறது. அந்த ஊழியர்களுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் மாநில வாரியாக எச்சரிக்கை அறிக்கையிலேயே இருக்கும். பொதுவான பயமுறுத்தல்களைவிட அந்தச் சில வரிகள்தாம் எனக்குப் பயன்பட்டிருக்கின்றன.

ஆற்றங்கரை

தெருவைப் பார்க்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். எங்கள் பக்கத்தில் நுவேவோ புரோகிரேசோ என்ற சிற்றூர் இருக்கிறது. அதுவும் தமாவுலிபாஸ்தான். இருந்தும் குளிர்காலத்தில் முதியவர்கள் பாலத்தில் நடந்துபோய் மருந்து வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். என் மனைவியின் தோழியர் சிலரும் போகிறார்கள். நான் போவதில்லை. என் மனம் அப்படி. ஆனால் சகோதரி போகும் ஊர் வேறு என்பதால் என் எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுங்கள் என்பதை மட்டும் விடாமல் சொல்வேன்.

பல்லாங்குழி (ஹூஸ்டன்)

நான் பல் மருத்துவர். எல்லைக்கு அப்பால் சிகிச்சை பெற்றவர்கள் என் நாற்காலியிலும் வந்து அமர்கிறார்கள். நேர்த்தியான வேலையைப் பார்த்திருக்கிறேன். பிடுங்கி மறுபடி செய்ய வேண்டிய வேலையையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் இந்த நாட்டிலும் நடப்பவைதாம். வேறுபாடு என்னவென்றால், இங்கே தவறு நேர்ந்தால் முறையிட மாநில வாரியம் இருக்கிறது. அங்கே நேர்ந்தால் மூன்று மணி நேரம் காரோட்டிப் போய் அதே மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

ஆகவே தெருவில் கையைப் பிடித்து இழுக்கும் தரகர்களின் பின்னே போகாதீர்கள். முன்கூட்டியே நேரம் வாங்கிய இடத்துக்கு மட்டும் செல்லுங்கள். பீனிக்ஸில் எடுத்த ஊடுகதிர்ப் படத்தைக் கேட்டு வாங்கி, அவர்களுக்கு முன்னரே அனுப்பி, என்ன சிகிச்சை, எத்தனை அமர்வு, எவ்வளவு தொகை என்பதை எழுத்தில் பெறுங்கள். வேர்ச் சிகிச்சையும் உறையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்பார்கள். அவர்களிடம் கருவி இருக்கிறது, முடியவும் முடியும். ஆனால் சீழ் பிடித்த பல்லாக இருந்தால் அவசரப்படாமல் இரண்டு தடவையாகச் செய்துகொள்வதையே நான் விரும்புவேன். வேலை முடிந்த அளவுக்கு மட்டும் பணம் கொடுங்கள். அப்பா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அதைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அவருடைய இதய மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையின் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும் எழுதுங்கள்.

மருந்துக் கடைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2023 இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழும், கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தனித்தனியே வடக்கு மெக்சிகோ மருந்துக் கடைகளில் மாத்திரைகளை வாங்கிச் சோதித்தபோது, வலி மாத்திரை என்று விற்கப்பட்டவற்றில் சிலவற்றில் ஃபென்டனில், மெத்தாம்பெட்டமைன் என்னும் ஆபத்தான போதைப்பொருட்கள் இருந்தன. கடுமையான வலி நிவாரணி, தூக்க மாத்திரை, கவனச்சிதறல் கோளாறுக்கான மாத்திரை ஆகியவற்றை அங்கே எந்தக் கடையிலும் வாங்காதீர்கள். பல் வலிக்குச் சாதாரண ஐபுபுரோபென் போதும், அதை வீட்டிலிருந்தே கொண்டுபோகலாம்.

கடற்கரைச் சாலை (சான் டியேகோ)

காரைப் பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அமெரிக்கக் கார் காப்பீட்டை மெக்சிகோ அதிகாரிகள் ஏற்பதில்லை. மெக்சிகோக் காப்பீட்டுப் பத்திரம் தனியாக வாங்க வேண்டும். அது இல்லாமல் விபத்தில் சிக்கினால், பொறுப்பு யாருடையது, இழப்பீட்டை யார் தருவார் என்பது முடிவாகும்வரை ஓட்டுநரைக் காவலில் வைக்கலாம். காருக்குள் ஒரே ஒரு துப்பாக்கித் தோட்டா கிடந்தாலும் அது கூட்டாட்சிக் குற்றம். சிறைக்குப் போனவர்கள் உண்டு. நம்மிடம் துப்பாக்கி ஏது என்று சிரிப்பீர்கள். அலுவலக நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போன வார இறுதியில் பைக்குள் விழுந்த தோட்டாவைப் பல மாதம் கழித்துக் கண்டெடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். நல்லவேளையாக அது சான் டியேகோவில் அவர் வீட்டு வரவேற்பறையில் கிடைத்தது.

அப்பா அம்மாவின் கைப்பையையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த சளி மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். மெக்சிகோவில் அது தடைசெய்யப்பட்ட பொருள். மின்சிகரெட்டும் வேண்டாம். திரும்பும்போது பழங்களையும் இறைச்சியையும் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள்.

இன்னொன்று, தெற்கே போகும் எண்ணமே இல்லாதவர்களுக்கு. சான் டியேகோவுக்குத் தெற்கே உள்ள சான் இசிட்ரோ எல்லைச் சாவடியை நெருங்கும்போது ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் 'அமெரிக்காவின் கடைசி வெளிவழி' என்று பலகை வரும். அதைத் தவறவிட்டால் திரும்ப வழியில்லை, நேராக மெக்சிகோதான். விசா முத்திரை முடிந்த என் நண்பர் ஒருவர், கடைத்தொகுதிக்குப் போகக் கிளம்பி இப்படி உள்ளே போய்விட்டார். ஐ-94 ஐக் காட்டித்தான் திரும்பினார். ஆனால் கார் வரிசையிலும் இரண்டாம் நிலை விசாரணை அறையிலுமாக அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

நெய்ச்சோறு (டாலஸ்)

உணவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. சைவம் உண்பவர்கள் 'சின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டால் மட்டும் போதாது. பலருக்குக் கோழி அந்தச் சொல்லுக்குள் வராது. மசித்த பயறில் பன்றிக்கொழுப்பு சேர்ந்திருக்கும், அதற்கு 'மன்டேகா' என்று பெயர். சோற்றையே கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. கேட்டுக்கொண்டு, ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட கேசடியாவோ, 'நோபால்' என்னும் சப்பாத்திக்கள்ளிக் கறியை ரொட்டியில் மடித்த டாக்கோவோ வாங்கலாம். நம் ஊர் வேலியோரம் நிற்கும் அதே சாதிக் கள்ளியைப் பார்த்து உங்கள் அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன். குடிநீர் மூடியிட்ட குப்பியிலிருந்து மட்டும், பனிக்கட்டி வேண்டாம்.

பாலைத்தென்றல்

எல்லோருக்கும் நன்றி. சென்ற செவ்வாய்க்கிழமை போய்வந்தோம். நடந்ததை எழுதிவிடுகிறேன், அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

காலை ஐந்தரைக்குப் பீனிக்ஸில் கிளம்பினோம். நேர வேறுபாட்டைத் தெரிந்துகொண்டும் அப்பா நம்பவில்லை. அவருடைய கைக்கடிகாரப்படி வந்து சேர்ந்து, திறக்காத மருத்துவமனையின் படிக்கட்டில் நாற்பது நிமிடம் அமர்ந்திருந்தோம். மெக்சிகோச் சாவடியில் கடவுச்சீட்டுகளைக் கேட்டுப் பார்த்தார்கள், விசாப் பக்கத்தைத் திருப்பித் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். ஏழு நாட்களுக்குள் திரும்புபவர்களுக்கு இலவசமான நுழைவுப் படிவத்தை நிரப்பினோம். கணவர் வந்திருந்தால் அந்த இடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

பல்லில் சீழ் இருந்தது. பல்லாங்குழி ஐயா சொன்னதை நினைவில் வைத்து, உறையை இன்றே போட்டுவிடலாம் என்று அவர்கள் சொன்னபோது மறுத்துவிட்டேன். வேர்ச் சிகிச்சை மட்டும் முடிந்தது. மருத்துவர் மாத்திரைத் தாளைப் படித்துப் பார்த்த பிறகுதான் ஊசியையே எடுத்தார். அம்மா கள்ளி டாக்கோவைக் கண்டதும், "இதை ஆடுகூடத் தொடாதே" என்றார். பிறகு இரண்டு சாப்பிட்டார்.

வரிசையில் ஒரு மணி ஐம்பது நிமிடம். மடக்கு நாற்காலி இல்லையென்றால் அப்பா தாங்கியிருக்க மாட்டார். அமெரிக்க அதிகாரி, எதற்காகப் போனீர்கள் என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் மரத்துப்போன வாயைத் திறந்து காட்டினார். அவர் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டார். கணவர் எல்லையைத் தாண்டாவிட்டாலும், திரும்பும் வழியில் யூமாவுக்குக் கிழக்கே நெடுஞ்சாலையிலேயே எல்லைக் காவல் படையின் சோதனைச்சாவடி ஒன்று இருக்கிறது. அவருடைய ஆவணங்களையும் அங்கே கேட்டார்கள். நல்லவேளையாக எல்லோருடைய ஆவணங்களையும் ஒரே கடித உறையில் வைத்திருந்தேன். மறுநாள் நான்கு பேருடைய ஐ-94 பதிவையும் பார்த்தேன், தேதிகள் மாறவில்லை.

உறை பொருத்த மார்ச் மாத நடுவில் மறுபடி போக வேண்டும். அதற்குள் கலிபோர்னியா கடிகாரத்தை முன்னே தள்ளிவிடும் என்பதால் அவர்களுக்கும் நமக்கும் ஒரே நேரமாகிவிடும். அதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.